மலையுச்சித் தீபமும் செய்தியின் கணக்கும்

கார்த்திகை மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிய ஒரு மாலை நேரம். திருவண்ணாமலையில் கோயில் வெளியிலும், தெருக்களிலும், வீட்டு மாடிகளிலும் மக்கள் திரள் திரளாக நின்று மலையுச்சியையே நோக்கிக் கொண்டிருக்கின்றனர். மணி ஆறு. கோயிலுக்குள் கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் ஏற்றப்படுகிறது. அதே வேளையில் மலையுச்சியில் ஒரு செம்புள்ளி தோன்றி, வளர்ந்து, சுடராக நிற்கிறது. ஊர் முழுவதும் ஒரே முழக்கம். சுற்றுவட்டார ஊர்களில் இதற்காகவே காத்திருந்த பெண்கள், மலைத் தீபத்தைக் கண்ட பிறகே தம் வீட்டு வாசலில் அகல் விளக்கை ஏற்றுகின்றனர்.

இந்த நிகழ்ச்சியைச் சமயக் கண்ணோட்டத்தில் பலர் விளக்கியிருக்கின்றனர். நாம் இங்கு வேறொரு கேள்வியை எழுப்புவோம். மலையுச்சியிலிருந்து வீட்டு வாசல் வரை ஒரு செய்தி பயணம் செய்திருக்கிறது. அனுப்பியவர் பேசவில்லை, எழுதவில்லை. பெற்றவர்களோ இலட்சக்கணக்கானவர்கள், ஒருவர்கூடத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. இது எவ்வாறு இயலுகிறது? செய்தி என்பதுதான் யாது? அதை அளக்க முடியுமா?

இக்கேள்விகளுக்கு விடை காண மனிதன் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் முயன்றிருக்கிறான். அந்த முயற்சியின் வரலாற்றை, இம்மலையின் அடிவாரத்திலேயே நின்றுகொண்டு பார்ப்போம்.

ஒன்றே ஒன்றைச் சொல்லும் தீ

அண்ணாமலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர் உயரமுடையது. நகரத்தின் தரையிலிருந்து கணக்கிட்டாலும் 600 மீட்டருக்கு மேல் இருக்கும். சமவெளியில் தனித்து நிற்கும் மலையாதலால் நெடுந்தொலைவிலிருந்தும் தென்படுகிறது. ஓர் உயரத்திலிருந்து தொடுவானம் எவ்வளவு தொலைவில் இருக்கும் என்று அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு: உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 600 மீட்டருக்கு இது ஏறத்தாழ 87 கி.மீ. ஆயினும் தீபம் 40 கி.மீ. அளவுக்கே தெரியும் என்று கூறுவர். காரணம், பூமியின் வளைவு மறைக்கும் முன்னரே ஒளி மங்கிவிடுகிறது. தொலைவு இரு மடங்கானால் ஒளியின் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். அதனோடு காற்றிலுள்ள தூசியும் ஈரமும் சேர்ந்துகொள்கின்றன. ஆளுயரச் செப்புக் கொப்பரையும், ஏறக்குறைய 1000 மீட்டர் காடாத் துணித் திரியும், பல ஆயிரம் கிலோ நெய்யும் தேவைப்படுவது இதனால்தான்.

தீயைக் கொண்டு செய்தி அனுப்புவது உலகின் மிகப் பழைய முறைகளுள் ஒன்று. கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் கி.மு. 458-இல் அரங்கேற்றிய 'அகமெம்னோன்' நாடகம், டிராய் நகரம் வீழ்ந்த செய்தி மலைக்கு மலை ஏற்றப்பட்ட தீயின் வழியாக ஆர்கோஸ் நகரை அடைவதோடு தொடங்குகிறது. அந்நாடகத்தில் முதியோர் கூட்டம் ஓர் ஐயத்தை எழுப்புகிறது. வெறும் தீயை நம்பலாமா என்பதே அது. போர்க்களத்திலிருந்து தூதன் ஒருவன் நேரில் வந்து சொன்ன பிறகே ஐயம் தீருகிறது.

அந்த முதியோரின் ஐயம் நியாயமானது. தீ எரிகிறது அல்லது எரியவில்லை. வேறு நிலை கிடையாது. ஆகவே முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட ஒரு செய்தியை மட்டுமே அது சொல்லும். இக்குறையைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் பொலிபியஸ். எதிர்பாராத நிகழ்ச்சிகளைத்தான் நாம் அவசரமாகத் தெரிவிக்க வேண்டியுள்ளது. அவற்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது எப்படி என்று அவர் கேட்டார். விடையாக அவர் விளக்கிய முறையில், எழுத்துகள் ஐந்தைந்தாக ஐந்து பலகைகளில் எழுதப்படும். இடப்பக்கம் உயர்த்தப்படும் தீப்பந்தங்களின் எண்ணிக்கை பலகையைக் குறிக்கும். வலப்பக்கத்துப் பந்தங்கள் அப்பலகையிலுள்ள எழுத்தைக் குறிக்கும். எந்தச் சொல்லையும் இப்படி எழுத்தெழுத்தாக அனுப்பிவிடலாம்.

இங்கேதான் செய்தியியலின் முதல் பெரிய கருத்து பிறந்தது. அதன் பெயர் குறியீடு. தீபம் அப்படியே தீபமாக இருக்க, அதை எண்ணி அடுக்குவதன் மூலம் எதையும் சொல்ல முடிந்தது. ஆனால் அடிப்படை நிபந்தனை மாறவில்லை. அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே பலகை இருந்தாக வேண்டும்.

தீப்பந்தத்திலிருந்து தந்திக்கு

1794-இல் பிரான்சு நாட்டில் கிளாட் ஷாப் என்பவர் பாரிசுக்கும் லீல் நகருக்கும் இடையே கோபுரங்களை வரிசையாக நிறுவினார். ஒவ்வொன்றின் உச்சியிலும் அசையும் மரக்கைகள். அவற்றின் நிலையை அடுத்த கோபுரத்தார் தொலைநோக்கியால் பார்த்து, அதே போலத் தம் கைகளை அசைப்பர். ஷாப்பின் குறியீட்டு நூலில் தனித்தனிச் சொற்களுக்கும் சொற்றொடர்களுக்கும் எண்கள் தரப்பட்டிருந்தன. ஆயினும் மூடுபனி வந்தால் வேலை நின்றுவிடும்.

மூடுபனியை வென்றது மின்சாரம். இந்தியாவில் வில்லியம் ஓஷாநெஸ்ஸி அமைத்த தந்திக் கம்பி 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே இயங்கியது. 1855-இல் பொதுமக்களுக்கும் தந்தி வசதி கிடைத்தது. அதன் பின் 2013 ஜூலை மாதம் வரை தந்தி நம் நாட்டில் உயிரோடிருந்தது.

முதியவர்களைக் கேட்டால் தந்தியைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்வார்கள். ஒன்று, ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. எனவே 'அப்பா கவலைக்கிடம் உடனே புறப்படு' என்று நான்கே சொற்களில் முடித்துவிடுவார்கள். திருமணம், பண்டிகை ஆகியவற்றுக்கான வாழ்த்துகளுக்கோ எண்கள் அச்சிட்ட பட்டியல் இருந்தது. நாம் எண்ணைச் சொன்னால் போதும். மறுமுனையில் உள்ள தந்தி அலுவலகம் முழு வாழ்த்தையும் எழுதிக் கொடுத்துவிடும். கம்பியில் போவது ஓர் எண். கையில் கிடைப்பதோ ஒரு வாக்கியம்! மீதி வாக்கியம் எங்கிருந்து வந்தது? அது மறுமுனையில் ஏற்கனவே இருந்தது.

இரண்டாவது, தந்திச் சேவகர் தெருவில் நுழைந்தாலே வீடுகளில் அழுகை தொடங்கிவிடும். சாவுச் செய்திதான் தந்தியில் வரும் என்பது கிராமத்து எண்ணம். உறையைப் பிரிக்கு முன்பே அது கொண்டுவந்த ஊடகம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டது.

ஷானன் வரைந்த படம்

தந்தியும் தொலைபேசியும் பெருகியபோது பொறியியலாருக்கு ஒரு கேள்வி எழுந்தது. ஒரு கம்பியில் எவ்வளவு செய்தியை அனுப்ப முடியும்? அளப்பதற்கு அலகு வேண்டுமே! 1924-இல் ஹாரி நைக்விஸ்ட், 1928-இல் ரால்ஃப் ஹார்ட்லி ஆகியோர் தொடக்கம் செய்தனர். நிறைவான விடையைத் தந்தவர் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன். 1948-இல் வெளியான அவரது கட்டுரையில் ஒரு சிறிய கட்டப்படம் இருக்கிறது. இன்று உலகெங்கும் பாடநூல்களில் காணப்படும் செய்தித் தொடர்பு மாதிரிகளுக்கெல்லாம் அதுவே மூத்த பிள்ளை.

அப்படத்தை நம் மலைமேல் பொருத்திப் பார்ப்போம். செய்தியை முடிவு செய்பவர் 'மூலம்'. இங்கே அது தீபம் ஏற்றும் நேரத்தைத் தீர்மானிக்கும் கோயில். செய்தியைக் குறியாக மாற்றுவது 'அனுப்பி'. அது உச்சியிலுள்ள கொப்பரை. குறி செல்லும் 'வழி' இடையிலுள்ள வான்வெளி. குறியை வாங்கி மீண்டும் செய்தியாக்குவது 'ஏற்பி'. அது நம் கண். செய்தி சேர வேண்டிய 'இலக்கு' அகல் விளக்கோடு காத்திருக்கும் இல்லத்தரசி. வழியின் மீது பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி பாய்கிறது. அதன் பெயர் 'இரைச்சல்'. காதில் விழும் ஓசை மட்டும்தான் இரைச்சல் என்று எண்ண வேண்டாம். குறியைக் குலைக்கும் எதுவும் இரைச்சலே. கார்த்திகை மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலம். உச்சியை மூடும் மேகம்தான் நம் தீபத்திற்கு இரைச்சல்.

இனி அளவைக்கு வருவோம். ஷானனின் கணக்கில், ஒரு செய்தி எத்தனை வாய்ப்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே முக்கியம். ஒத்த வாய்ப்புள்ள இரண்டில் ஒன்று என்றால் அதன் அளவு 1 பிட். நான்கில் ஒன்று 2 பிட். எட்டில் ஒன்று 3 பிட். தமிழ் எழுத்துகள் 247 ஆதலால், எல்லா எழுத்துகளும் சம அளவில் வருவதாகக் கொண்டால், ஓர் எழுத்தைச் சுட்ட 8 பிட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். ஏனெனில் எட்டு பிட்டுகளால் 256 பொருள்களைச் சுட்டலாம்.

ஆனால் எழுத்துகள் சம அளவில் வருவதில்லை. 'திரு-ண்ணா-லை' என்று இரண்டு எழுத்துகளை அழித்து எழுதினாலும் நீங்கள் ஊர்ப் பெயரைப் படித்துவிடுகிறீர்கள். அந்த இரண்டு எழுத்துகளும் உங்களுக்குப் புதிதாக எதையும் தெரிவிக்கவில்லை என்பது இதன் பொருள். இதை 'மிகை' என்பர். மிகை வீண் என்று நினைத்துவிடக் கூடாது. இரைச்சலுக்கு எதிரான காப்பு அதுவே. அஞ்சல் உறையில் ஊர்ப் பெயரோடு 606601 என்றும் எழுதுகிறோம். மழையில் பெயர் கரைந்தாலும் எண் ஊரைக் காட்டிவிடும். வழியின் கொள்ளளவுக்கு உட்பட்டு அனுப்பினால், தக்க குறியீட்டைக் கொண்டு பிழையை நாம் விரும்பும் அளவுக்குக் குறைத்துவிடலாம் என்று ஷானன் கணித முறையில் நிறுவினார். இன்றைய செல்பேசியும் செயற்கைக்கோளும் இத்தேற்றத்தின் மீதே நிற்கின்றன.

இருள் என்ன சொல்கிறது?

மலையுச்சியில் ஒளி தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஏற்றவில்லையா, ஏற்றியும் மேகம் மறைத்துவிட்டதா? பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே இருள்தான். தீபத்தைப் பொறுத்தவரை சற்று நேரம் காத்திருந்தால் போகிறது. வேறு இடங்களில் இக்குழப்பம் உயிரைக் குடிக்கும்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயில் ஊருக்கு அருகே வந்தபோது, புயலில் சமிக்ஞை விளக்கு செயலிழந்திருந்தது. சிறிது நேரம் காத்திருந்த ஓட்டுநர் பின்னர் வண்டியை நகர்த்தினார் என்று அக்காலச் செய்திகள் கூறுகின்றன. கடல் அலை வண்டியை விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குறி இல்லாமை என்பதையே ஒரு குறியாகக் கொள்ள வேண்டும், அதை அபாயமாகவே படிக்க வேண்டும் என்பது ரயில்வேப் பாதுகாப்பின் அடிப்படை. ஆனால் கொட்டும் மழையிலும் இருளிலும் நிற்கும் ஒரு மனிதனுக்கு அந்த மௌனம் எப்படித் தோன்றியதோ, அதை எந்தக் கட்டப்படமும் காட்டாது.

படத்தில் இடம் பெறாதவர்

செய்தியின் பொருள் என்ன என்பது பொறியியல் கேள்வி அன்று என ஷானன் தம் கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்தார். அவர் வேலைக்கு அது சரியே. தொலைபேசிக் கம்பிக்குக் கவிதையும் கடன் பாக்கியும் ஒன்றுதான். ஆனால் மனிதருக்கு அப்படியல்லவே! 1949-இல் ஷானனின் கட்டுரை நூலானபோது அதற்கு விளக்கம் எழுதிய வாரன் வீவர், சிக்கலை மூன்று படிகளாகப் பிரித்தார். குறி சரியாகச் சேர்ந்ததா? பொருள் சரியாகப் புரிந்ததா? விரும்பிய விளைவு உண்டாயிற்றா?

அதே 1948-இல் ஹரால்டு லாஸ்வெல் என்னும் அரசியல் அறிஞர், யார், எதை, எவ்வழியில், யாருக்குச் சொல்கிறார், விளைவு என்ன என்ற ஐந்து கேள்விகளில் செய்தித் தொடர்பை அடக்கினார். நார்பர்ட் வீனர் அதே ஆண்டில் வெளியிட்ட நூலில் 'பின்னூட்டம்' என்ற கருத்தை வலியுறுத்தினார். 1954-இல் வில்பர் ஷ்ராம், நேர்கோட்டை வளைத்து வட்டமாக்கினார். பேசுபவர் கேட்பவராகவும், கேட்பவர் பேசுபவராகவும் மாறி மாறி இயங்குகின்றனர். இருவரின் அனுபவமும் ஒன்றோடொன்று மேற்படியும் பகுதியில்தான் செய்தி நிகழ்கிறது என்றார் அவர். 1960-இல் டேவிட் பெர்லோ, அனுப்புபவர், பெறுபவர் ஆகியோரின் திறன், மனப்பாங்கு, அறிவு, பண்பாடு ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தார்.

பெறுபவரைப் பற்றிய இந்தச் சிந்தனை தமிழ் மாணவர்களுக்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நன்னூலின் பாயிரத்தைப் புரட்டிப் பாருங்கள். பவணந்தி முனிவர் மாணாக்கரை எட்டுப் பொருள்களுக்கு ஒப்பிடுகிறார். அன்னம் நல்லதைப் பிரித்துக்கொள்ளும். பசு மேய்ந்தபின் அசை போடும். மண் உழைப்புக்கேற்ற விளைவு தரும். கிளி சொன்னதையே சொல்லும். ஓட்டைக் குடம் ஒழுகவிடும். ஆடு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடிக்கும். எருமை குளத்தைக் கலக்கும். நெய்யரி நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். ஒரே பாடம்; எட்டு விதமான சேர்க்கை.

அவர் அளவும் தருகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் பற்றும். உடன் பயில்வோரோடு பழகும்போது இன்னொரு கால் பங்கு. தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரைப் பங்கு. ஒரு முறை கேட்டதை இரண்டாம் முறை கேட்டால் பிழை நீங்கும் என்றும் சொல்கிறார். பவணந்தியார் ஷானனுக்கு முன்னோடி என்று பெருமை பேச இதைக் கூறவில்லை. அவரிடம் கணிதம் இல்லை. அவர் அளவு சோதனையில் கண்டதும் அன்று. வகுப்பறையில் நின்றவர் கண்ட உண்மையை, கம்பியோடு போராடியவர்கள் வேறு வழியில் வந்து கண்டனர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. மீண்டும் சொல்வது பிழையைக் குறைக்கும். பெறுபவர் தாமே அனுப்புபவராகும்போதுதான் செய்தி முழுமை பெறும்.

இதற்கு இம்மலையிலேயே ஒரு சான்று உண்டு. 1902-இல் வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை, மலையில் தங்கியிருந்த இளந்துறவி ரமணரைச் சந்தித்துக் கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. சைகையால் விடை சொன்னார். சைகை விளங்காதபோது மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டினார். பிள்ளை அவற்றைக் குறித்துக்கொண்டார். 'நான் யார்?' என்ற பெயரில் 1923-இல் அவை அச்சேறின. கேட்டவரின் முகத்தில் விளங்காமை தெரிந்தது. உடனே குறி மாறியது. ஷ்ராம் வரைந்த வட்டம் இதுதான். காற்றில் அழியக்கூடிய மணல் எழுத்து இன்றும் படிக்கக் கிடைப்பதற்குக் காரணம், பெற்றவர் அதை மீண்டும் அனுப்பியதே.

தெரிந்த செய்திக்கு ஏன் இத்தனை கூட்டம்?

இப்போது ஒரு புதிர். தீபத் திருநாளின் தேதி பஞ்சாங்கத்தில் முன்பே இருக்கிறது. நேரமும் எல்லோருக்கும் தெரியும். நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லும் குறி, ஷானன் கணக்கில் ஏறத்தாழ சுழியம் பிட். அந்தச் சுழியத்தைக் காணவா இத்தனை இலட்சம் பேர் வருகிறார்கள்?

1975-இல் ஜேம்ஸ் கேரி என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு ஒரு வழி காட்டினார். செய்தித் தொடர்பை இரு விதமாகப் பார்க்கலாம் என்றார் அவர். ஒன்று, ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குத் தகவலைக் கொண்டு செல்வது. மற்றொன்று, ஒன்றாகக் கூடி, ஒன்றைப் பகிர்ந்து, ஒரு சமூகமாக இருப்பதை உறுதி செய்துகொள்வது, சடங்கைப் போன்றது. மாலை ஆறு மணிக்கு உச்சியைப் பார்ப்பவர் புதுத் தகவலைத் தேடவில்லை. தன்னைப் போலவே பல்லாயிரவர் இந்நொடியில் இதையே பார்க்கின்றனர் என்பதை அறிகிறார். வீட்டு வாசலில் ஏற்றும் அகல் அவரது பதில்.

இச்சடங்கு இன்னொரு வேலையையும் செய்கிறது. குறியின் பொருளை அது அடுத்த தலைமுறைக்குக் கற்றுக் கொடுக்கிறது. இடுப்பில் இருக்கும் குழந்தைக்குத் தாய் விரலால் மலையைச் சுட்டிக் காட்டும்போது பொலிபியஸின் பலகை கைமாறுகிறது. செய்தியின் பெரும்பகுதி, அது அனுப்பப்படும் முன்னரே பெறுபவரிடம் இருந்தாக வேண்டும். இந்த வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.

கற்க வேண்டிய குறிகள்

2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின் திருவண்ணாமலையில் பெருமழை கொட்டியது. டிசம்பர் 1-ஆம் தேதி மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில், ஒரு வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 13-ஆம் தேதி உச்சியில் தீபம் வழக்கம்போல ஏற்றப்பட்டது. ஆனால் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

மலைச்சரிவுக்கு முன் மண் சில குறிகளைக் காட்டுவதுண்டு. தரையில் புது வெடிப்பு, சாயும் மரங்களும் கம்பங்களும், திடீரெனக் கலங்கி வரும் ஓடை ஆகியவை அவை. எப்போதும் காட்டும் என்பதில்லை. இரவிலும் மழையிலும் காண்பதும் எளிதன்று. அப்படியே காட்டினாலும், அவற்றின் பொருளை நாம் கற்றிராவிட்டால் அவை நமக்கு வெறும் வெடிப்பும் கலங்கலுமே. இந்திய வானிலை ஆய்வுத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களில் எச்சரிக்கை தருகிறது. மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இரு. சிவப்பு என்றால் உடனே செயல்படு. நாளைக்குப் பள்ளி விடுமுறையா என்று மட்டும் அந்நிறத்தில் படிப்பவருக்குக் குறி சேர்ந்துவிட்டது, பொருள் சேரவில்லை. வீவரின் முதற்படியிலேயே அவர் நின்றுவிட்டார்.

செயற்கைக்கோளும் செல்பேசியும் குறியைச் சேர்க்கும் வேலையை வியத்தகு முறையில் செய்து முடித்துவிட்டன. மீதி வேலை பெறுபவரின் மனத்தில் நடக்க வேண்டியது. தீபத்தின் பொருளைத் தாய் சொல்லிக் கொடுத்ததுபோல, சிவப்பு நிறத்தின் பொருளையும், வெடித்த மண்ணின் பொருளையும், அணைந்துபோன சமிக்ஞையின் பொருளையும் வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு முறை சொன்னால் போதாது. பவணந்தியார் கணக்குப்படி அது கால் பங்குதான். மாணவர்கள் இதைப் படித்ததோடு நில்லாமல், வீட்டிலுள்ளோருக்கும் அண்டை அயலாருக்கும் எடுத்துச் சொன்னால் மீதிப் பங்கும் நிறையும்.